கேமரா இல்லாத படங்களுக்கும் வாசலைத் திறங்கள்

புகைப்படப் போட்டிகளை நடத்தும் சங்கங்களுக்கும் அவற்றின் நடுவர்களுக்கும்,

உலகப் புகைப்பட நாளான ஆகஸ்ட் 19 நெருங்க நெருங்க ஊருக்கு ஊர் நீங்கள் போட்டி அறிவிக்கிறீர்கள். கைக்காசைப் போட்டு மண்டபம் பிடிக்கிறீர்கள், வந்த படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டுகிறீர்கள், பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்துச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள். அந்த உழைப்பின் மேல் மதிப்பு வைத்திருக்கும் உரிமையில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் நுழைவுப் படிவத்தில் சில கட்டங்கள் இருக்கின்றன. கேமராவின் பெயர், மாடல், லென்ஸ், ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர், ஐ.எஸ்.ஓ. அவற்றுக்குக் கீழே, ரா ஃபைல் இணைக்காத படங்கள் ஏற்கப்படமாட்டா என்று ஒரு வரி. அந்தக் கட்டங்களையும் அந்த வரியையும் பற்றி உங்களோடு பேச வேண்டும்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, துணிப்பை, பனியன் என்று வருகிற வேலையெல்லாம் செய்கிறேன். பள்ளி விடுமுறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வந்து தொழில் பழகுவார்கள். அவர்களில் ஒருத்தியின் அம்மா கடலில் பாசி எடுப்பவர். விடியுமுன் படகில் தீவுப் பக்கம் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் பிடித்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருகிற வேலை. அந்த மாணவி அம்மாவின் மூட்டையிலிருந்து எடுத்த பாசிகளைக் காகிதத்தின் மேல் விரித்து, வெயிலில் வைத்து, நீலப் படங்களாக எடுத்தாள். அவற்றைத்தான் ஒரு போட்டிக்கு அனுப்பினாள். கேமரா என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு, செய்த முறையைத் தனித்தாளில் வரிவரியாக எழுதியும் வைத்தாள். படங்கள் திரும்பி வந்தன. கேமரா விவரம் இல்லை, மூலக்கோப்பு இல்லை, ஆகவே இவை புகைப்படங்கள் ஆகா என்றார்கள். கைவினைக் கண்காட்சிக்கு அனுப்பிப் பார்க்கலாமே என்று ஓர் ஆலோசனையும் கூடவே வந்தது.

போட்டியில் தோற்றிருந்தால் எனக்கு வருத்தமில்லை. நடுவர்கள் உட்கார்ந்து பார்த்து, அமைப்பு சரியில்லை, நீலம் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று ஒதுக்கியிருந்தால் அடுத்த தடவை திருத்திக்கொள்வாள். யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் மனதை அறுக்கிறது. அதன் பிறகு உங்களில் பலருடைய படிவங்களை வாங்கிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே கட்டங்கள், அதே வரி. அதனால்தான் ஒரு சங்கத்துக்குத் தனியாக எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் அவள் என்ன செய்தாள் என்று கேளுங்கள். ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் ஒரு கரைசல், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஒரு கரைசல். இரண்டையும் சம அளவில் கலந்து, சன்னலை மூடிய அறையில், மங்கிய குண்டு பல்பு வெளிச்சத்தில், தடித்த ஓவியக் காகிதத்தில் பிரஷ்ஷால் பூச வேண்டும். காய்ந்ததும் காகிதம் இளம் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். பாசியை அதற்கு முன்பே நல்ல தண்ணீரில் அலசி, கிளைகளை ஊசியால் பிரித்து விரித்து, மேலே பழைய வேட்டித் துணி போட்டு, செய்தித்தாள் அடுக்கில் வைத்து அமுக்கி ஈரம் போக்கியிருப்பாள். துணி போடாவிட்டால் பாசி தன் பசையாலேயே செய்தித்தாளில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பாசியைக் காகிதத்தில் வைத்து, மேலே கண்ணாடியை அழுத்திக் கிளிப் போட்டு, உச்சி வெயிலில் வைப்பாள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்ட இடமெல்லாம் இரும்பு உப்பு மாற்றம் அடைந்து பிரஷ்யன் நீலமாகும். பாசி மறைத்த இடம் அப்படியே நிற்கும். சாம்பலும் பச்சையுமாக அழுக்குப் படிந்ததுபோல் இருக்கும் காகிதத்தைத் தண்ணீரில் போட்டு அலசும்போது மஞ்சள் கரைந்து வெளியேறி, நீலத்தின் நடுவே வெள்ளைப் பாசி மேலெழுந்து வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், காரத்தன்மையும் அதிகம். காரம் பட்டால் பிரஷ்யன் நீலம் வெளிறிவிடும். முதல் அலசலில் சில சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டால் நீலம் நிற்கிறது என்பதை அவளாகவே செய்து பார்த்துக் கண்டுபிடித்தாள். வெயில், நேரம், காகிதம், தண்ணீர் என்று இத்தனையையும் கணக்கில் வைத்து ஓர் உருவத்தை ஒளியால் பதிய வைத்திருக்கிறாள் ஒரு பள்ளி மாணவி. அதைப் புகைப்படம் இல்லை என்கிறீர்களே, வேறு எதைப் புகைப்படம் என்பீர்கள்?

1843 அக்டோபரில் இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண் இதே வேலையைத்தான் செய்தார். பிரிட்டன் கடற்கரைகளின் கடற்பாசிகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் வைத்து, இதே இரும்பு உப்பு முறையில் வெயிலில் படமெடுத்து, தவணை தவணையாக ஒரு நூலை வெளியிடத் தொடங்கினார். சயனோடைப் எனப்படும் இந்த முறையை ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது அதற்கு முந்தைய ஆண்டில், 1842-இல். ஹெர்ஷல் அட்கின்ஸின் குடும்ப நண்பர். 1853 வரை பத்தாண்டுகள் அட்கின்ஸ் இந்த வேலையை விடவில்லை. 400-ஐ ஒட்டிய படங்கள், ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு தாளாகக் கையாலேயே பூசி, வெயிலில் வைத்து, அலசி எடுத்தவை. பாசியின் பெயரைக்கூட எழுத்தாகவே ஒளியில் பதித்தார். புகைப்படங்களால் ஆன முதல் நூல் என்று உலகம் இன்று ஒப்புக்கொண்டிருப்பது இதைத்தான். புகைப்பட முன்னோடியான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டின் புகழ்பெற்ற நூல் வெளிவரத் தொடங்கியதே அடுத்த ஆண்டில், 1844-இல். அட்கின்ஸ் கேமராவில் எடுத்ததாக ஒரு படமும் நமக்குக் கிடைக்கவில்லை. நியூயார்க் பொது நூலகம் 2018-இல் அவருக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

நடுவர்களே, நேரடியாகவே கேட்கிறேன். உலகின் முதல் புகைப்பட நூலை எடுத்துக்கொண்டு அட்கின்ஸ் அம்மையார் உங்கள் மேசைக்கு வந்தால், உங்கள் படிவத்தின்படி அவரையும் கைவினைக் கண்காட்சிக்குத்தான் அனுப்புவீர்கள். பாசி எடுப்பவரின் மகளும் அதே பொருளை அதே முறையில்தான் செய்தாள். ஒருவரைப் பாடப் புத்தகத்தில் வைத்துவிட்டு இன்னொருத்தியை வாசலில் திருப்பி அனுப்புவது எந்த நியாயத்தில் சேரும்?

இன்னும் பின்னால் போகலாம். 1802-இல் தாமஸ் வெட்ஜ்வுட்டின் சோதனைகளை ஹம்ஃப்ரி டேவி எழுதி வெளியிட்டார். வெள்ளி நைட்ரேட் பூசிய காகிதத்திலும் தோலிலும் இலைகளையும் கண்ணாடி ஓவியங்களையும் வைத்து நிழல் எடுத்தார்கள். கேமரா அப்ஸ்கூராவின் பிம்பம் காகிதத்தில் விழுவதற்குப் போதிய வலு இல்லாமல் மங்கலாக இருந்தது. கேமரா கைவிட்ட இடத்தில் இலை கைகொடுத்தது. எடுத்த படத்தை நிலைக்க வைக்கத்தான் அவர்களுக்கு வழி தெரியவில்லை, வெளிச்சத்தில் காட்டினால் முழுவதும் கறுத்துப்போகும். டால்பட் 1834-இல் தன் லேக்காக் அபே வீட்டில் தொடங்கியபோதும் இலையையும் லேஸ் துணியையும்தான் காகிதத்தின் மேல் வைத்தார். உப்புக் கரைசலால் படத்தை நிறுத்தவும் கற்றுக்கொண்டார். கேமராவில் அவர் எடுத்த சன்னல் படம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. 1839 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் வைத்துக் காட்டியவற்றிலும் இந்தக் கேமரா இல்லாப் படங்கள் இருந்தன. நாம் கொண்டாடும் ஆகஸ்ட் 19, அதே ஆண்டில் டாகரின் புகைப்பட முறை பாரிஸில் பொதுவில் விளக்கப்பட்ட நாள். அது கேமராவின் வெற்றி நாள். கொண்டாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அதற்கு முன்னே நடந்ததையெல்லாம் இல்லை என்று ஆக்கிவிடாதீர்கள்.

பழங்கதை என்று ஒதுக்குவீர்களோ என்று உங்கள் வீட்டுக்கே வருகிறேன். பீரோவில் பெரிய காகித உறைக்குள் வைத்திருக்கும் எக்ஸ்ரே படத்தை எடுத்துப் பாருங்கள். அதை எந்தக் கேமரா எடுத்தது? லென்ஸ் எங்கே? ஒரு பக்கம் கதிர், மறுபக்கம் ஃபிலிம், நடுவே உடம்பு. எலும்பு மறைத்த இடத்தில் ஃபிலிம் கறுக்கவில்லை, அவ்வளவுதான். பாசிக்கும் காகிதத்துக்கும் நடந்த அதே காரியம். 1895 டிசம்பர் 22 அன்று எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ராண்ட்கன் தன் மனைவியின் கையை ஒளித்தட்டின் மேல் வைத்து எடுத்த படம், விரல் எலும்புகளும் அதில் கிடக்கும் மோதிரமும் தெரியும் அந்தப் படம், நூற்றாண்டைத் தாண்டியும் உலகம் மறக்காத புகைப்படங்களில் ஒன்று. சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகளால் ஆனது என்று சொன்னபோது, அவர்கள் கையில் இருந்த முக்கியமான ஆதாரம் எக்ஸ் கதிர் ஃபிலிமில் சிதறி விழுந்த புள்ளிகளும் கறைகளும். அந்தக் கருவியையும் அறிவியலாளர்கள் கேமரா என்றே அழைப்பார்கள், ஆனால் பிம்பத்தைக் குவிக்கும் லென்ஸ் அதில் கிடையாது. உங்கள் படிவத்தில் லென்ஸ் என்ற கட்டத்தில் அவர்கள் என்ன எழுதுவார்கள்?

என் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனில் எமல்ஷன் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே பாசிட்டிவை ஒட்டி, வெயிலிலோ டியூப்லைட் பெட்டியிலோ எக்ஸ்போஸ் செய்கிறோம். ஒளி பட்ட எமல்ஷன் இறுகும், படாத இடம் தண்ணீரில் கரைந்து வழி விடும். உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் பிள்ளையார் அப்படித்தான் வந்தார். என்ஜினீயர் அலுவலகங்களுக்குப் பக்கத்தில் அமோனியா பிரிண்ட் போட்டுக்கொடுத்த கடைகள் ஞாபகம் இருக்கும். அதற்கு முன்பு கட்டட வரைபடங்களுக்கு வழங்கிய புளூ பிரிண்ட், பெயரிலேயே சொல்வதுபோல, அட்கின்ஸ் பயன்படுத்திய அதே சயனோடைப்தான். ஒளியால் படம் பதிக்கும் வேலையை வாழ்நாளெல்லாம் செய்தும் தங்களைப் புகைப்படக்காரர் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளாத தொழிலாளர்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கலை புதிதில்லை. உங்கள் போட்டிதான் அவர்களுக்குப் புதிது.

உங்கள் தரப்பு அச்சமும் எனக்குப் புரிகிறது. 2023-இல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், தான் அனுப்பியது ஏ.ஐ. உருவாக்கிய படம் என்று சொல்லி விருதை மறுத்தார். நடுவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது. அதன் பிறகு எந்தச் சங்கமும் ரா ஃபைல் கேட்காமல் இருக்க முடியாது என்ற நிலை வந்திருப்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குப் பலியாகக் கூடாத படங்கள் ஏதாவது உண்டென்றால் அவை இவைதான். கணினியில் தட்டெழுதி ஒரு பாசியை வரவழைக்கலாம். நீலம் பூசிய காகிதத்தின் நார்களுக்குள் ஊறி நிற்கும் நிழலை வரவழைக்க, அங்கே ஒரு பொருள் இருந்திருக்க வேண்டும். படத்தின் அளவும் பொருளின் அளவும் ஒன்று. அழுத்தி உலர்த்திய அந்தப் பாசியையே கூட வைத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் கிளைக்குக் கிளை பொருந்தும். இதைவிட உறுதியான மூலக்கோப்பு எந்த மெமரி கார்டில் இருக்கிறது?

ஒரு எச்சரிக்கையையும் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விதி தளர்ந்தால் அதில் புகுந்து ஏமாற்றுபவர்களும் வருவார்கள். கணினியில் உள்ள படத்தைப் பிளாஸ்டிக் தாளில் நெகட்டிவாகப் பிரிண்ட் எடுத்து, அதைக் காகிதத்தின் மேல் வைத்தும் சயனோடைப் எடுக்கலாம். அழகாகவே வரும். ஆனால் அது ஏற்கெனவே இருக்கும் ஒரு படத்தின் அச்சு, அந்த நெகட்டிவ் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அங்கே எழும். ஆகவே பொருளை நேரடியாக வைத்து எடுத்த படங்களை மட்டுமே இந்தப் பிரிவில் எடுத்துக்கொள்ளுங்கள். கறாராகவே இருங்கள். கறாரான விதியை நாங்கள் வரவேற்கிறோம், எங்களால் நிறைவேற்ற முடிகிற விதியாக அது இருந்தால் போதும்.

இதில் மதிப்பிட என்ன இருக்கிறது, இலையை வைத்தால் வெயில் தானே எடுத்துவிடுகிறது என்று உங்கள் சங்கங்கள் ஒன்றின் மூத்தவர் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் ஒரே ஒரு முறை செய்து பார்க்கட்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். மரிக்கொழுந்துப் பாசி கம்பிபோல் விறைத்து நிற்கும், கண்ணாடி சரியாக அழுத்தாவிட்டால் கிளைகள் காகிதத்தை விட்டு எழும்பிவிடும். வெயில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வானமும் தன் பங்குக்கு எல்லாப் பக்கமிருந்தும் புற ஊதாவைச் சிந்துகிறது. காகிதத்தைத் தொடாத கிளையின் ஓரம் அதனால் கரைந்து போகும். சில சமயம் அந்தக் கரைதலே படத்துக்கு ஆழம் தரும், முன்னே இருக்கும் கிளை கூராகவும் பின்னே இருப்பது புகையாகவும் நிற்கும். அதைத் தெரிந்து செய்தாரா, தற்செயலா என்று ஒரே ஆளின் நான்கைந்து படங்களைச் சேர்த்துப் பார்த்தால் நடுவருக்கு விளங்கிவிடும். கட்டக்கோரை என்ற பாசியில் சிறு சிறு காற்றுக் குமிழ்கள் உண்டு. அவற்றின் உருண்டை விளிம்பில் வெள்ளை மெல்ல நீலத்துக்குள் இறங்கும். இலைப்பகுதி மெலிதாக இருப்பதால் ஒளி கொஞ்சம் உள்ளே புகுந்து நடுத்தரமான நீலம் வரும். அந்த நடுத்தர நீலம் காணாமல் போனால் வெயிலில் அதிக நேரம் விட்டுவிட்டார் என்று அர்த்தம், பின்னணி வெளிறினால் சீக்கிரம் எடுத்துவிட்டார். பூச்சில் பிரஷ் தடம் தெரிகிறதா, அலசல் போதாமல் வெள்ளையில் மஞ்சள் தங்கியிருக்கிறதா, தாளில் எவ்வளவு இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார் என்றெல்லாம் பார்க்கலாம். எக்ஸ்போஷர், கூர்மை, டோன், கம்போஸிஷன் என்று நீங்கள் கேமராப் படத்தில் பார்ப்பவை அத்தனையும் இங்கே இருக்கின்றன.

கலை உலகம் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது என்பதைக் கேமராக்காரர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1920-களில் பாரிஸில் மான் ரேயும் ஜெர்மனியில் மொஹோய்-நாகியும் ஒளித்தாளின் மேல் பொருள்களை வைத்து எடுத்த படங்கள் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. இங்கிலாந்தின் சூசன் டெர்ஜஸ் இரவில் டாவ் ஆற்றுக்குள் பெரிய ஒளித்தாளை அமிழ்த்தி, ஃபிளாஷ் ஒளியில் ஓடும் தண்ணீரையே படமெடுத்தார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2010-இல் கேமரா இல்லாப் புகைப்படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. உங்கள் கருத்தரங்குகளில் மான் ரே பெயரைச் சொல்லாத பேச்சாளர் குறைவு. பேச்சில் இருப்பவருக்குப் படிவத்தில் இடம் இல்லை.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு மிகவும் முக்கியம். உங்கள் பரிசுப் பட்டியல்களைப் பாருங்கள். பறவை, புலி, ஜல்லிக்கட்டு. கூடவே, அவற்றை எடுக்கத் தேவையான லென்ஸின் விலையையும் நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் முதல் போட முடிந்தவர்களுக்கும், அப்படிப்பட்டவர்களை நண்பர்களாகக் கொண்டவர்களுக்கும் இடையே நடக்கும் போட்டியாக இது சுருங்கிவருகிறது. பாசி எடுக்கும் பெண்கள் கடலிலிருந்து ஏறி வரும் காட்சியை எடுத்துப் பரிசு வாங்கிய படங்களை உங்கள் கண்காட்சிகளிலேயே பார்த்திருக்கிறேன். நல்ல படங்கள்தான், எடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெண்களில் ஒருவரின் மகள் தன் அம்மா பறித்த பாசியைத் தன் கையால் படமாக்கிக் கொண்டுவந்தபோது மட்டும் வாசல் அடைத்திருந்தது. அவர்கள் எப்போதும் உங்கள் படங்களில் இருக்க வேண்டியவர்கள், படம் எடுப்பவர்களாக உங்கள் மேடையில் ஏறக் கூடாதவர்கள் என்று நீங்கள் நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் படிவம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ரசாயனம் வாங்கக்கூட வழியில்லாத பிள்ளைகளும் இதில் இறங்க முடியும். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து வடிகட்டிக் காகிதத்தில் பூசி, இருட்டில் காயவைத்து, வேப்பிலையோ முருங்கைக் கீரையோ வைத்து வெயிலில் சில மணி நேரம் விட்டால், வெயில் பட்ட மஞ்சள் வெளிறிவிடும். பிறகு வெங்காரத் தண்ணீரை லேசாகத் தெளித்தால், இலையின் கீழ் தங்கிய மஞ்சள் செம்பழுப்பாக மாறி உருவம் எழும்பி நிற்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தவுடன் சிவக்கும் அதே வேதியியல்தான். பூச்சாறுகளில் படம் எடுக்கும் முறையை ஹெர்ஷல் 1842-இலேயே ஆராய்ந்து எழுதினார். மேரி சோமர்வில் தாவரச் சாறுகளின் மேல் ஒளி என்ன செய்கிறது என்று சோதித்து எழுதியது 1846-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அந்நாளில் பெண்களை உறுப்பினராகச் சேர்க்காத அந்த அமைப்புக்குள் ஹெர்ஷல் வழியாகத்தான் இந்த எழுத்து போனது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் ஒரு அரசுப் பள்ளி வகுப்பு முழுவதும் ஒரே பிற்பகலில் இதைச் செய்துவிடலாம். மஞ்சள் படம் நாளாக ஆக வெளிறும், அதை நிறுத்தி வைக்க வழி இல்லை. ஆகவே மாணவர் பிரிவில் அதை வெயில் படாத இடத்தில் மாட்டி, கண்காட்சி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியிருக்கும். அந்தச் சிறு தொந்தரவை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த போட்டியின் படிவத்தை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் உங்கள் செயற்குழுவில் இதை ஒரு பொருளாக வையுங்கள். கேமராப் பிரிவுகளுக்கு ரா ஃபைல் விதி அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில் கேமரா இல்லாப் படங்களுக்கென்று ஒரு பிரிவைத் திறங்கள். அதில் கேமரா, லென்ஸ் கட்டங்களுக்குப் பதிலாக, எந்தப் பொருளை வைத்தார், எந்தக் காகிதம், எந்தப் பூச்சு, எவ்வளவு நேரம் எந்த வெளிச்சத்தில் வைத்தார் என்று கேளுங்கள். ஸ்கேன் செய்த ஃபைலை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், அசல் தாளையே வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் படைத்தவரை நேரில் அழைத்து இன்னொரு தாளை உங்கள் கண் முன்னே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அவர்கள் சந்தோஷமாக வருவார்கள். இருட்டறையில் வேலை பார்த்துப் பழகிய மூத்த ஸ்டுடியோக்காரர் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் இருக்கிறார். டிஜிட்டல் வந்ததும் நாம் மறந்துபோன அவரை நடுவராக உட்கார வையுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நுழைவுக் கட்டணம் வேண்டாம்.

முதல் ஆண்டு விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களே வரலாம். ஆள் வரவில்லை என்று மறு ஆண்டே பிரிவை மூடிவிடாதீர்கள். இந்த முறைகளைக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத பள்ளிகளே அதிகம், செய்தி பரவ இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும். அந்த இடைவெளியை நிரப்ப நான் தயாராக இருக்கிறேன். போட்டி நடக்கும் நாளில் காகிதம் பூசுவதிலிருந்து அலசுவது வரை பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஆள் வேண்டும் என்று எந்தச் சங்கம் கேட்டாலும் வருகிறேன். பயணச் செலவு வேண்டாம். வெயில் விழும் மொட்டை மாடி ஒன்றும், சன்னலை அடைக்கக்கூடிய அறை ஒன்றும், இரண்டு வாளி தண்ணீரும் ஏற்பாடு செய்து வையுங்கள். தண்ணீர் உப்பாக இருந்தால் எலுமிச்சம்பழம் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் மாவட்டத்து ஸ்கிரீன் பிரிண்டர் ஒருவர்